ஆறாவது விளக்கு

எழில்,

நீ ஊரறியச் சொன்னாய். ஆகவே நானும் ஊரறியவே எழுதுகிறேன். தாய்க்கும் மகனுக்கும் இடையே உள்ளதை அச்சில் ஏற்றிப் பிறர் படிக்கக் கொடுப்பது முறையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முறை பிறழ்ந்த நாள் வேறு. நீ வேலைக்காகக் கொச்சிக்குப் புறப்படுவதற்கு முந்தைய மாதம், நம் வீட்டுக் கூடத்தில், உன் அப்பாவின் பழைய மேசைமேல் இசைப்பலகையைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிமூடியைத் திறந்து காட்டி, ஒரு காணொளி எடுத்து உலகத்துக்கு அனுப்பினாயே, அந்த நாள். அதை நான் பார்க்கப் போவதில்லை என்று நம்பினாய். கைப்பேசியில் படம் பார்ப்பதை நான் வெறுப்பவள் என்பது உனக்குத் தெரியும். நான் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, எனக்குக் காட்டினார்கள். யார் காட்டினார்கள் என்பதைப் படிக்கையில் உனக்கு நெஞ்சு சுடும். சுடட்டும்.

தொலைபேசியில் பேசினோம். நீ அழுதாய், நான் சினந்தேன், இணைப்பை நானே துண்டித்தேன். அதன் பிறகு நீ ஏழெட்டு முறை அழைத்தாய், எடுக்கவில்லை. சினத்தில் வரும் சொல்லுக்கு நான் எப்போதும் அஞ்சியதில்லை. என் தொழிலே அது. ஆனால் இந்த முறை வாய்ச்சொல்லை நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதுதான் இம்மடல் முழுவதும்.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்தவற்றையும் என் சொல்லில் ஒருமுறை கேள். நான் போடியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். பள்ளியில் பெற்ற பெயரைவிட மேடையில் பெற்ற பெயரே எனக்குப் பெரிது. மயிலாடும்பாறையிலிருந்து கம்பம் வரை, கோயில் திருவிழாவானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும், மேடை கட்டியவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். உன் அப்பா ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவர். என் குரல் எந்த ஊரில் எவ்வளவு தொலைவு போகும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர். எனக்கு இரண்டு செருக்குகள் இருந்தன. ஒன்று, தாள் வைத்துக்கொண்டு பேச மாட்டேன். மற்றொன்று, என் பேச்சை எவரும் பதிவு செய்ய விடமாட்டேன். கூட்டத்தில் கைப்பேசி உயர்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "அதை இறக்குங்கள், என்னைப் பாருங்கள்" என்பேன். கைதட்டுவார்கள். இரண்டாவது செருக்குக்கு இன்று நான் என்ன விலை கொடுக்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா போன பிறகுதான் நீ என்னோடு மேடைக்கு வந்தாய். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்து முடித்திருந்தாய். தேனியில் ஒரு தேவாலயப் பாடகர் குழு வேண்டாமென்று ஒதுக்கிய இசைப்பலகையை வாங்கி வந்து, என் உரைகளுக்கு இடையே நான் பாடும் பாட்டுக்குச் சுருதி கொடுத்தாய். நீயும் ஊரும் கீபோர்டு என்பீர்கள், நான் இசைப்பலகை என்பேன், நீ சிரிப்பாய். அதில் வரிசையாக எட்டுப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் கடுகளவு செந்நிற விளக்கு. எந்தப் பொத்தானை அழுத்துகிறாயோ அதன் விளக்கு எரியும். வீணை ஒலியா, குழல் ஒலியா என்று வாசிப்பவருக்குத் தெரியும். எட்டில் இரண்டு விளக்குகள் எரியவில்லை. அவற்றை மாற்றத்தான் நீ முதன்முதலில் அந்தப் பலகையின் திருகாணிகளைக் கழற்றினாய்.

பிறகு சின்னமனூர் வந்தது. திருவிழா மேடை, நிறைந்த கூட்டம். பேச்சு நடுவழியில் நின்றுபோனது. சொல் மறந்துபோயிருந்தால் வேறு சொல் இட்டு நிரப்பியிருப்பேன். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துபோனது. எதிரே ஆயிரம் முகங்கள், ஒலிவாங்கி, என் கை பிடித்திருந்த அதன் தண்டு; இவை தெரிந்தன; நான் யாருக்கு, எதைச் சொல்ல வந்தேன் என்பது தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று இன்றும் அறியேன். நீ வாசிக்கத் தொடங்கினாய். நான் வழக்கமாக அடுத்துப் பாடும் பாட்டின் முதலடியை மெல்ல வாசித்தாய். அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு கரையேறினேன். கீழே இருந்தவர்கள் அதை ஓர் உத்தி என்று எண்ணி ஆரவாரம் செய்தார்கள். வீடு திரும்பியதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டேன். தாய் மகனிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. என் பெருமையைக் காக்கும் பொறுப்பை உன் தலையில் ஏற்றினேன். காவல் வைக்கப்பட்டவன் நாளடைவில் வீட்டுக்கு உரிமையாளன் ஆகிவிடுகிறான்.

அதற்கு நீ கண்ட வழியைப் போல ஓர் அன்பான வழியை நான் எங்கும் கண்டதில்லை. இதை மறுத்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். என் உரை எத்தலைப்பிலானாலும் எட்டு நிலைகளில் செல்லும் என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எட்டு நிலை, எட்டு விளக்கு. பலகையைத் திறந்து, பொத்தான்களுக்கும் விளக்குகளுக்கும் இருந்த தொடர்பை அறுத்தாய். எந்த ஒலி போகிறது என்பதற்கு எனக்கு விளக்கு வேண்டாம், காது போதும் என்றாய். பழைய செவ்விளக்குகளைப் பிடுங்கி, எட்டு நிறங்களில் புதியவற்றைப் பற்றவைத்தாய். நீலமும் வெள்ளையும் சிவப்பைவிட மிகுந்த மின்னழுத்தம் கேட்கும், அவற்றுக்குரிய மின்தடைகளை மாற்ற வேண்டும் என்று நீ விளக்கியபோது நான் அடுக்களையில் இருந்தபடி உம் கொட்டினேன். நீலம் கண்ணைக் குத்தியது. அதன் நுனியை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினாய். விளக்கின் இரண்டு கால்களில் நீண்டது எது, குட்டையானது எது என்று பார்க்க என் மூக்குக் கண்ணாடியைக் கடன் வாங்கினாய். பிறகு ஒவ்வொரு விளக்கிலிருந்தும் மெல்லிய கம்பி இழுத்து, பலகையின் பின்புறத்தில் எட்டுத் துளையிட்டு, அதே நிறத்தில் எட்டு இணை விளக்குகளைப் பதித்தாய். மேடையோரம் என்னைப் பார்த்தபடி நீ அமர்வாய், பின்புறம் என்னை நோக்கியிருக்கும், கூட்டத்துக்குத் தெரியாது. காலடியில் ஒரு பெடல். ஒரு நிலை முடிந்து அடுத்ததற்கு நான் போக வேண்டிய இடத்தில் நீ அதை மிதிப்பாய். விளக்கு ஒன்று நகரும்.

ஜெயமங்கலத்தில் முதல் முறை அவ்விளக்குகளோடு பேசினேன். பச்சை எரிந்தால் மொழி. நீலம் எரிந்தால் கல்வி. அச்சம் என்னை விட்டுப் போயிற்று. பழைய குரல் திரும்பிவிட்டது என்று ஊர் சொன்னது. நான் அன்றும் கையை விரித்துக் காட்டி, "தாளில்லை, குறிப்பில்லை, நெஞ்சிலிருந்து பேசுகிறேன்" என்று முழங்கினேன். என் கண்ணெதிரே நீலம் எரிந்துகொண்டிருந்தது. நீ தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாய். பொய்யை மேடையில் முதலில் ஏற்றியவள் நான். உன்னைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இதை எழுதி வைக்கிறேன். பின்னால் நீ இதை எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி ஆறாவது விளக்கு. செம்மஞ்சள் நிறம். அந்த நிறத்தை நானே தேர்ந்தேன். போடியிலும் கம்பத்திலும் வைகறையில் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் பெண்களை அறியாதவர் இப்பள்ளத்தாக்கில் இல்லை. ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். எத்தனை பேர் ஏறலாமோ அதற்கு இரு மடங்கு பேரை ஏற்றிக்கொண்டு, கொண்டையூசி வளைவுகளில் அந்த வண்டிகள் விரைவதையும் அறியாதவர் இல்லை. அப்படி ஒரு வண்டி ஒரு நாள் வளைவில் உருண்டது. அதில் இறந்த ஒருத்தி என்னிடம் படித்தவள். ஆறாம் வகுப்போடு நின்றவள். சோற்றுத் தூக்குச்சட்டியின் மூடியில் தன் பெயரை ஆணியால் கீறி வைத்திருந்தாள். அந்த எழுத்து நான் கற்றுக்கொடுத்த எழுத்து. அன்று முதல், மொழியைப் பற்றிப் பேசினாலும் வீரத்தைப் பற்றிப் பேசினாலும் ஆறாம் நிலையில் நான் அவளிடம் வந்து சேர்ந்தேன். ஏற்றிய கூட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். திருவிழாவுக்குப் புரவலர்களாக முன்வரிசையில் அமர்ந்த தோட்ட உரிமையாளர்களைப் பார்த்துக் கேட்டேன். கூட்டம் அப்போது கைதட்டாது. அந்த அமைதிதான் என் வாழ்நாளில் நான் ஈட்டியது.

தேவாரத்தில் பேசிவிட்டுத் திரும்பும் வழியில் உன்னிடம் நான் ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா? உனக்கு இருக்கும். வண்டியை நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். செம்மஞ்சள் விளக்கை நான் பார்த்த நினைவு இல்லையே, அது எரிந்ததா, அந்தப் பெண்களைப் பற்றி நான் பேசினேனா என்று கேட்டேன். நீ சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசிட்டியேம்மா. ஊரே கம்முனு கேட்டுச்சு. அதுக்குள்ள மறந்துட்டியா?"

நான் நாணிப்போனேன். மறந்துவிட்டேன் போலும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு உன்னிடம் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்கும்தோறும் என் நோய் வெளிப்படும் என்று அஞ்சினேன். உத்தமபாளையம், பெரியகுளம், மீண்டும் சின்னமனூர், எல்லா இடத்திலும் பேசினேன் என்றே நம்பினேன். ஓராண்டுக்கு மேல்.

முருகாயியை உனக்குத் தெரியும். நாள்தோறும் மலையேறுகிறவள். அந்த வண்டியில் இறந்தவளுக்கு அடுத்து அமர்ந்திருந்து, கை முறிந்து பிழைத்தவள். சென்ற தையில் சந்தையில் என்னை மறித்தாள். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் குரல் அவளுக்கு.

"என்ன டீச்சரம்மா, எங்கள விட்டுப்புட்டீகளாமே? எந்த ஊர்லயும் எங்க பேச்சையே எடுக்க மாட்டேங்கிறீகன்னு சொல்றாக. தோட்டத்துக்காரக வீட்டுல ஏலக்காய் டீ குடிச்சிட்டீகளோ?"

உடன் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் குருதி கொதித்தது. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களைப் பற்றிப் பேசாத மேடை இல்லை, கேட்க வராதவர்கள் குறை சொல்லக் கூடாது என்றேன். வேலை முடிந்து வந்து சோறாக்கி வைத்துவிட்டுக் சுவரோரம் சாய்கிற ஒருத்தியிடம், கூட்டத்துக்கு வரவில்லை என்று குற்றம் சொன்னேன். அதையும் நல்ல தமிழில், எடுத்தெறிந்து சொன்னேன். அவள் முகம் சிறுத்துப்போயிற்று. "சரி டீச்சரம்மா, பேசியிருப்பீக" என்று நகர்ந்துவிட்டாள். நீ எனக்குச் செய்தது வேறு; உன் பொய்யை நம்பி நான் அவளுக்குச் செய்தது வேறு. முதலாவதை நான் தாங்கிக்கொள்ளக்கூடும்.

அதே முருகாயிதான் உன் காணொளியைக் கொண்டுவந்தாள். ஜீப்பில் போகும்போது அவள் மகள் வயதுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாளாம். உன் குரல் கேட்டு இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை அம்மாவுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்று காட்டி என்னை மகிழ்விக்கத்தான் வந்தாள். அவள் அதை முழுதும் பார்த்திருக்கவில்லை. நாங்கள் இருவரும் வாசற்படியில் அமர்ந்து பார்த்தோம். நன்றாகவே தொடங்கினாய். திருகாணிகளை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், நாடாக் கம்பியை அறுந்துவிடாமல் எப்படி விடுவிக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டினாய். என்னைப் பற்றிச் சொன்னாய். பெரிய பேச்சாளர் என்றாய், இப்போது கொஞ்சம் மறதி என்றாய். அதுவே எனக்கு ஓர் அடி. யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தேன். அதைக்கூட மன்னித்திருப்பேன். பிறகு ஒரு சிறிய சுவிட்சை விரல் நுனியால் தட்டிக் காட்டினாய்.

"இது நான் பின்னாடி சேத்தது. இதத் தட்டிவிட்டா அஞ்சுக்கப்புறம் நேரா ஏழு. ஆறாவது லைட்டு வந்துச்சுன்னா அம்மா எறங்க மாட்டாக, கமிட்டிக்காரக மூஞ்சி தொங்கிப்போகும். அம்மாவுக்கு இது தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். மேசைமேல் பலகை கிடக்கிறது. ஐந்தாவது விளக்கு அணைகிறது, ஏழாவது எரிகிறது. இடையில் ஒரு கருந்துளி. அதை நீ இரண்டு முறை செய்து காட்டினாய், பார்ப்பவர்களுக்கு விளங்க வேண்டும் என்று.

முருகாயி அறிவுள்ளவள். ஆறாவது என்ன என்று அவள் கேட்கவில்லை. கைப்பேசியை அணைத்து முந்தானையில் துடைத்தாள். "நீங்க பேசலைன்னு அன்னைக்குச் சொன்னேன்ல டீச்சரம்மா" என்றாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொலைபேசியில் உன் பக்கத்தை நீ சொன்னாய். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று ஊர்க்காரர்கள் உன்னைத் தனியே அழைத்து, அம்மா அந்தப் பேச்சைப் பேசினால் அடுத்த ஆண்டு வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்களாம். நீ என்னிடம் சொல்ல அஞ்சினாயாம். "மேடை இல்லாட்டி நீ படுத்துருவம்மா. எனக்கு நீ எந்திரிச்சு நிக்கணும், அம்புட்டுத்தான்" என்றாய். நம்புகிறேன். உன் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பார், எழில். அந்த ஊர்க்காரர்கள் என் எதிரில் வந்து சொல்லியிருந்தால் நான் சண்டையிட்டிருப்பேன். தோற்றிருந்தாலும் அது என் தோல்வி. எனக்கு அந்தச் சண்டையே மறுக்கப்பட்டது. என் வாயைப் பொத்தவில்லை. என்னை முழங்க விட்டே, முழக்கத்திலிருந்து ஒருத்தியை எடுத்துவிட்டாய். என் மறதியை நீ ஊன்றுகோல் கொடுத்துத் தாங்கினாய். பிறகு அதே மறதிக்குள் உனக்கு வேண்டாததை ஒளித்து வைத்தாய். பகைவர் எவருக்கும் அந்த இடம் தெரியாது. உனக்கு மட்டுமே தெரியும். நானே காட்டிக் கொடுத்த இடம்.

இதை எங்கே கற்றாய் என்று ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். விடை கிடைத்தது, அது என்னைச் சும்மா விடவில்லை. நீ மேடைக்கு வந்த முதல் ஆண்டு, போடியில் ஒரு நூலகக் கட்டடத் திறப்பு. கட்டடத்துக்கு இடம் கொடுத்தவர் ஒரு தோட்டக்காரர். மேடையில் என் அருகிலேயே அமர்ந்திருந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அன்று ஆறாம் நிலைக்கு வந்தேன். உழைக்கும் மகளிரைப் போற்றுவோம் என்று இரண்டு வரி சொன்னேன். வண்டியும் இல்லை, வளைவும் இல்லை, அவளும் இல்லை. எனக்கு நினைவு தெளிவாக இருந்த காலம் அது. மறதியின்மேல் பழி போட முடியாது. திரும்பும்போது நீ, "இன்னைக்குச் சுருக்கமா முடிச்சிட்டியேம்மா" என்றாய். ஊருக்கு நூலகம் வர வேண்டும் அல்லவா என்றேன். நீ தலையசைத்தாய். அந்தத் தலையசைப்பில் உனக்கு நான் ஒரு பாடம் நடத்தி முடித்திருக்கிறேன். நல்லது ஒன்று நடக்க வேண்டுமானால் அவளை விட்டுவிடலாம் என்ற பாடம். நான் நாவால் தாண்டினேன். நீ சுவிட்சால் தாண்டினாய். ஆனால் நான் தாண்டியபோது தாண்டுகிறேன் என்று எனக்குத் தெரியும். அந்த வெட்கம் என்னுடையதாக இருந்தது. நீ எனக்கு வெட்கத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

புதிய ஊருக்குப் போயிருக்கிறாய். இசைக்கருவிகளைத் திறந்து மூடுவதே உன் வேலை என்றாய். அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் அழைத்தார்கள் என்றும் சொன்னாய். கைவேலையில் உனக்கு நிகரில்லை. அதை வெறுப்போடு சொல்லவில்லை. எதைத் திறந்தாலும் திறந்தவாறே மூடு. மலையாளத்தில் பேசக் கற்றுக்கொள், ஆனால் சினம் வரும்போது தமிழில் சினந்துகொள். அயல்மொழியில் சினம் பொய்யாக இருக்கும். நாளை உனக்கு மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள், அவர்களும் ஒரு நாள் எதையேனும் மறப்பார்கள். ஒருவருக்கென்று ஒரு கருவி செய்தால் அதன் எல்லாச் சுவிட்சையும் அவருக்குக் காட்டு. காட்ட முடியாத சுவிட்சு ஒன்று இருந்தால் அந்தக் கருவி அவருக்காகச் செய்யப்பட்டது இல்லை. இவ்வளவுதான் என் அறிவுரை. இதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

வருகிற ஞாயிறு காலை, மலைக்கு வேலை இல்லாத நாள், ஜீப் நிற்கும் இடத்திலேயே அந்தப் பெண்கள் கூடுகிறார்கள். வண்டிக்கு இத்தனை பேர்தான் என்று கேட்கப் போகிறார்கள். மேடை இல்லை, புரவலர் இல்லை. முருகாயி வந்து அழைத்தாள். நான் பெரிய உரை ஒன்றை நெஞ்சில் கட்டத் தொடங்கினேன். அவள் கையமர்த்தினாள். "அம்புட்டெல்லாம் வேணாம் டீச்சரம்மா. அவ பேர மைக்குல சொல்லுங்க. அது போதும்" என்றாள். நான் தலையசைத்தேன். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தேன்.

வரவில்லை, எழில். முகம் வருகிறது. இரண்டாம் வரிசையில் சன்னலோரம் அமர்ந்திருந்தது வருகிறது. மூடியில் கீறிய எழுத்தின் சாய்வு வருகிறது, எழுத்து வரவில்லை. அந்த ஆறாம் நிலையின் சொற்களைத் தேடினேன், அவையும் போய்விட்டன. நான் எழுதி வைத்தவள் அல்லேன். பதிவு செய்ய வந்தவர்களையெல்லாம் விரட்டியவள். ஓராண்டாக நாவில் புழங்காத சொல் என் போன்றவளிடம் எப்படித் தங்கும்? நீ விளக்கை அணைத்தாய். உள்ளே இருந்ததும் அணைந்துபோயிற்று. இதை முருகாயியும் படிப்பாள். இறந்தவளின் மகளுக்கும் யாரேனும் படித்துக் காட்டுவார்கள். படிக்கட்டும். அவள் தாயின் பெயரை நான் மறந்தேன் என்பதை அவள் என் சொல்லிலேயே கேட்பதுதான் நேர்மை. அவர்களிடம் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கப் போவதில்லை.

உன்னிடம் கேட்கிறேன். ஏனென்றால் அந்த ஆறாம் நிலை முழுவதும் இன்று உன் ஒருவனிடம்தான் இருக்கிறது. எத்தனை மேடைகளில் அதைக் கேட்டிருப்பாய். எங்கே மூச்செடுப்பேன், எங்கே குரலை இறக்குவேன் என்று உன் காலுக்கே தெரியும். நீக்க வேண்டிய இடம் இன்னது என்று துல்லியமாக அறிந்தவனுக்கு, நீக்கியது இன்னது என்றும் தெரியும். அதை எழுதி அனுப்பு. கையால் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். மன்னிப்பு எதுவும் அதில் இருக்க வேண்டாம். அதற்கு வேறு தாள் எடுத்துக்கொள், நான் எப்போது படிப்பேன் என்று சொல்ல முடியாது. நான் சொன்னதைச் சுருக்காதே, அழகுபடுத்தாதே, உனக்குக் கூச்சமாக இருக்கும் வரியை முதலில் எழுது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நின்று படிப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, தாளின் தலைப்பில், அவள் பெயரை எழுது. பெரிதாக எழுது. காலை வெயிலில் கண்ணாடி இல்லாமலும் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா